‘பழகிவிடும்’ என்கிறார்கள்!

நம் நாட்டில் மருந்துக்குப் பதிலாக வார்த்தையைக் கொடுத்து அனுப்பிவிடுகிற வழக்கம் ஒன்று உண்டு. அப்படிக் கொடுக்கப்படும் வார்த்தைகளில் மிகவும் மலிவானது, "பழகிவிடும்" என்பது. புக்ககம் போன பெண் கண்ணீரோடு கடிதம் எழுதினால், "நாலு நாள் போனால் பழகிவிடும்" என்று பதில் போகும். வெளியூரில் படிக்கிற பையன், விடுதிச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்றால் அதற்கும் அதுவே பதில். மேலதிகாரியின் வசவு, பக்கத்துச் சாக்கடையின் நாற்றம், மாமியாரின் மௌனம், எல்லா நோய்க்கும் இந்த ஒரே சூரணந்தான். கொடுக்கிறவருக்குக் காலணாச் செலவில்லை. வாங்கிக்கொள்ளுகிறவருக்கோ வேறு வைத்தியர் இல்லை.

இந்தச் சூரணம் இன்று மூட்டை மூட்டையாகச் செலவாகிற இடங்களில் ஒன்று மூக்கண்டப்பள்ளி.

வாசகர்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் பஸ்ஸிலோ காரிலோ ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் போனபோது இதன் ஓரமாகத்தான் போயிருப்பீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர் நகரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. இன்னும் சிறிது தூரம் போனால் ஜூஜூவாடி. அதையும் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சியில் நெருக்கி உட்கார்ந்து பேசிக்கொள்ளுகிற எல்லைப்புறம் இது. கேழ்வரகு விளைந்த இந்தப் பூமியில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி வந்தது. மோட்டார் சைக்கிள் வந்தது. அவற்றுக்கு வேண்டிய திருகாணி முதல் பற்சக்கரம் வரை செய்து கொடுக்கும் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. கைக்கடிகாரமும் வந்தது. டாட்டாக்களும் தமிழ்நாட்டு சர்க்காரின் தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன் கம்பெனி, தன் கடிகாரத் தொழிற்சாலையை ஓசூரில்தான் நிறுவியது. ஆக, நாட்டுக்கே மணி காட்டிய வட்டாரம் இது. அப்படிப்பட்ட வட்டாரத்திலே, மனிதனைப் படைக்கும்போதே உள்ளே பொருத்தி அனுப்பிய கடிகாரம் ஒன்று உண்டே என்பதை நினைத்துப் பார்க்கிறவர்கள் அதிகம் பேர் இருப்பதாகத் தெரியவில்லை. நான் எந்தக் கம்பெனியையும் சுட்டிக் குற்றம் சாட்ட வரவில்லை. என் கோபமெல்லாம் ஒரு வழக்கத்தின் மேல்தான்.

அந்த வழக்கத்துக்கு ‘ஷிப்டு’ என்று பெயர். இந்த வாரம் காலை ஆறு மணிக்கு வா; அடுத்த வாரம் பிற்பகல் இரண்டு மணிக்கு வா; அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணிக்கு வா. சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுவது போல மனிதனின் இரவையும் பகலையும் கலைத்துப் போடுகிறார்கள். ஒருவன் எழுந்த பாயின் சூடு ஆறுமுன்னே இன்னொருவன் வந்து படுக்கிற அறைகள், தொழிற்பேட்டைகளைச் சுற்றி எங்கும் உண்டு. கிராமத்திலிருந்து புதிதாக வந்த பையன், "பகலில் கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை, இராத்திரி மூன்று மணிக்கு மிஷின் முன்னால் கால் நிற்கவில்லை, சாப்பிட்டது செரிக்கவில்லை" என்கிறான். சூப்பர்வைசர், "பழகிவிடும்" என்கிறார். அறைத் தோழன், "பழகிவிடும்" என்கிறான். ஊரிலிருந்து போனில் பேசுகிற தாயாருங்கூட, மனசுக்குள் அழுதுகொண்டே, அதையேதான் சொல்லுகிறாள்.

பழகிவிடுமா? உடம்பையே கேட்டுப் பார்ப்போம்.

நம் சரீரத்துக்குள் செய்தி அனுப்புவதற்கு இரண்டு இலாகாக்கள் இருக்கின்றன. ஒன்று நரம்பு, அது தந்தி இலாகா. நம் சர்க்கார் 2013 ஜூலையில் தந்தியை மூடிவிட்டது, உடம்பு மூடவில்லை. கொதிக்கிற பாத்திரத்தில் விரல் பட்டால், ‘சுடுகிறது’ என்று நாம் உணருமுன்பே கை பின்வாங்கிவிடுகிறதே, அது தந்தியின் வேகம். வேகமான நரம்புகளில் செய்தி வினாடிக்கு நூறு மீட்டர் வரையிலும் ஓடும். இரண்டாவது ஹார்மோன், அது தபால் இலாகா. சுரப்பிகள் துளியிலும் துளியான ஒரு ரசாயனத்தை இரத்தத்தில் விடுகின்றன. இரத்தம் அதைத் தெருத் தெருவாக, வீடு வீடாகச் சுமந்துகொண்டு போகிறது. அந்தச் சாவிக்குப் பொருந்துகிற பூட்டு எந்த வீட்டுக் கதவில் இருக்கிறதோ, அந்த வீடு மட்டும் கதவைத் திறந்து, சொன்னபடி செய்கிறது. தந்தி உடனே வந்து உடனே ஓய்ந்துவிடும். தபால் நிதானமாகத்தான் வரும். ஆனால் அதன் உத்தரவு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் அமலில் இருக்கும்.

இப்படி இரண்டாவது இலாகா ஒன்று இருக்கிறது என்பதே 1902-இல்தான் ஐயமறத் தெரிந்தது. லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு விஞ்ஞானிகள், ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குப் போகிற நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அந்தக் குடலில் அமிலத்தை விட்டார்கள். கணையம் வழக்கம் போல் நீர் சுரந்தது. தந்திக் கம்பி அறுந்த பிறகும் செய்தி போய்ச் சேர்ந்ததென்றால், அது வேறு வழியாக, இரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் அல்லவா? இத்தகைய தூதுப் பொருள்களுக்கு ‘ஹார்மோன்’ என்ற பெயரை ஸ்டார்லிங் 1905-இல் வழங்கினார்.

இந்த இரண்டு இலாகாக்களுக்கும் மணி அடித்து வேலை தொடங்கிவைக்கிற தலைமைக் கடிகாரம் ஒன்று மூளையின் அடிப்பாகத்தில் இருக்கிறது. இரு கண்களிலிருந்தும் வருகிற பெரிய நரம்புகள் குறுக்கிடுகிற இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்னஞ்சிறு குவியல் அது. ஒருவனை இருட்டறையில் அடைத்து வைத்தாலும் அது தன்பாட்டுக்கு ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றிவரும். சூரியன் தினந்தோறும் அதன் முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருத்தி வைக்கிறது. அதற்காகவே விழித்திரையில் வெளிச்சத்தை அளக்கிற தனி அணுக்கள் சில இருக்கின்றன. அவை கடிகாரத்துக்குத் தந்தி அடிக்கின்றன. இருட்டியதும், கடிகாரத்திலிருந்து செய்தி முதுகுத்தண்டு வழியே இறங்கி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சுக்குப் போய், அங்கிருந்து மறுபடி மேலேறி, மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியை அடைகிறது. இதுவரையில் தந்தி. இனிமேல் தபால். பீனியல் சுரப்பி, மெலட்டோனின் என்ற கடிதத்தை இரத்தத்தில் போடுகிறது. ‘இரவு வந்துவிட்டது’ என்பதுதான் அதில் எழுதியிருக்கும் வாசகம்.

விடியற்காலையில் இதே கடிகாரத்தின் ஏற்பாட்டில், சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற திருப்பள்ளியெழுச்சியைப் பாடத் தொடங்குகின்றன. உடம்பு எழுந்து நடமாடுவதற்கு வேண்டிய சர்க்கரை இரத்தத்தில் தயாராகிறது. நள்ளிரவு வாக்கில் அந்தப் பாட்டு ஏறக்குறைய அடங்கிப்போயிருக்கும். அதிகாலை நாலு மணியை ஒட்டி உடம்பின் சூடு அன்றைய தினத்தில் மிகவும் தாழ்ந்து நிற்கும். தலைமைக் கடிகாரத்தோடு போகவில்லை. கல்லீரல், கணையம், குடல் எல்லாவற்றிலும் கிளைக் கடிகாரங்கள் உண்டு. அணுவுக்குள்ளே இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, இரவு மூன்று மணிக்குப் பிரஸ் மிஷினின் முன்னால் நிற்கிற நம் பையனைப் பாருங்கள்.

தலைக்கு மேலே பிரகாசமான விளக்கு. கண், ‘பகல்’ என்று தந்தி அடிக்கிறது. மெலட்டோனின் தபால் பாதியில் நிறுத்தப்படுகிறது. உள்ளேயிருக்கும் கடிகாரமோ, ‘இல்லை, நடுச்சாமம்’ என்று சாதிக்கிறது. இரண்டு எஜமானர்களின் எதிரும் புதிருமான உத்தரவுகளுக்கு நடுவில் உறுப்புகள் திகைத்து நிற்கின்றன. கான்டீனில் அவன் சோறு சாப்பிடுகிறான்; அந்த வேளையில் இன்சுலினின் வார்த்தைக்குப் பகலில் உள்ள மரியாதை இல்லை. பகலில் சாப்பிட்டிருந்தால் சீக்கிரம் இறங்கியிருக்கக்கூடிய சர்க்கரை, இரத்தத்தில் இன்னும் அதிக நேரம் தங்குகிறது. கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு கணத்தின் சிறு பகுதி தாமதம் ஏற்படுகிறது. பிரஸ் மிஷினுக்கு அந்தச் சிறு பகுதி போதும். விரல் போய்விடும். பிறகு விசாரணை நடக்கும். ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று காகிதத்தில் எழுதி மூடுவார்கள். தூங்கச் சொல்லி உடம்பு மன்றாடுகிற நேரத்தில் அவனை அங்கே நிறுத்தி வைத்தவர்களின் கவனக்குறைவைப் பற்றி எந்தக் காகிதத்தில் எழுதுகிறார்கள்?

"இருபது வருஷமாக இராத்திரி வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே! நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறார்களா என்று அவர்களுடைய மனைவிமாரையும் அவர்களுடைய இரத்தப் பரிசோதனைக் காகிதங்களையும் அல்லவா கேட்க வேண்டும்? பழகியிருப்பது உடம்பு அல்ல, களைப்பு. தலைமைக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் நகர்ந்து கொடுக்கும். ஷிப்டோ எட்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. நமக்கும் லண்டனுக்கும் உள்ள நேர வித்தியாசமே குளிர்காலத்தில் ஐந்தரை மணிதான். லண்டன் போய் இறங்கிய கனவான்கள், "தூக்கம் கெட்டுவிட்டது" என்று ஒரு வாரம் புலம்புகிறார்கள், அனுதாபத்தோடு கேட்டுக்கொள்கிறோம். அதைவிட நீண்ட பிரயாணத்தை, விமானத்தில் ஏறாமலே, மூக்கண்டப்பள்ளித் தொழிலாளி வாராவாரம் செய்கிறான்; அவனைப் பார்த்து, "பழகிவிடும்" என்கிறோம். கடிகாரம் நகர்ந்து கொடுத்து முடிப்பதற்குள் ஷிப்டு மாறிவிடுகிறது. இரவு வேலையிலேயே நிரந்தரமாக இருக்கிறவனுக்கும் விமோசனம் இல்லை. காலையில் வீடு திரும்புகிறபோது அவன் முகத்தில் அடிக்கிற வெயில், கடிகாரத்தைப் பழையபடி திருத்திவிட்டுப் போய்விடுகிறது.

இன்னொரு கட்சியார் மரபைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "நம் பாட்டன்மார் இராப்பகல் பாராமல் உழைக்கவில்லையா? சிவராத்திரிக்குக் கண் விழிக்கவில்லையா? விடிய விடியத் தெருக்கூத்துப் பார்க்கவில்லையா?" பார்த்தார்கள். மறுநாள் திண்ணையில் படுத்துத் தூங்கவும் செய்தார்கள். வருஷத்துக்கு ஓர் இரவு விரும்பிக் கண் விழிப்பது பக்தி. வாரம் ஆறு இரவு வயிற்றுக்காகக் கண் விழிப்பதை அதனோடு சேர்த்துப் பேசுவது பக்திக்கும் அழகல்ல, வயிற்றுக்கும் அழகல்ல. மரபு வேண்டுமானால் முழு மரபையும் பாருங்கள். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஒரு நாளைச் சிறுபொழுதுகளாகப் பிரித்து, இன்ன பொழுதுக்கு இன்ன உணர்ச்சி என்று இலக்கணம் வகுத்த இனம் நம்முடையது. எல்லாப் பொழுதும் ஒரே பொழுது என்று நம் முன்னோர் ஒருகாலும் சொல்லவில்லை.

மூன்றாவது கட்சியார் நியாயஸ்தர்கள். "இரவு வேலைக்குத் தனிப்படி கொடுக்கிறோமே!" என்பார்கள். கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் கணையம் சம்பளப் பட்டியலைப் படிப்பதில்லை.

இதே ஓசூர் வட்டாரம் பூவுக்கும் பேர்போனது. சாமந்தி பயிரிடுகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். சாமந்தி மொட்டு விடுவதற்கு நீண்ட இருட்டு வேண்டும். இரவில் விளக்கைப் போட்டு இருட்டைக் குலைத்துவிட்டால், செடி தழைத்துக்கொண்டே போகுமே தவிரப் பூக்காது. சந்தைக்கு ஏற்றபடி பூவைத் தள்ளிப்போட வேண்டுமானால் விளக்கைப் போடுவார்கள். பூக்க வேண்டுமானால் அணைத்துவிடுவார்கள். ராத்திரி வெளிச்சம் ஒரு செடியை என்ன செய்யும் என்று பூக்காரருக்குத் தெரிகிறது. மனிதனை என்ன செய்யும் என்று மட்டும், பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தெரிய மாட்டேன் என்கிறதே, இது என்ன விந்தை! சாமந்தி வாடினால் நஷ்டம் தோட்டக்காரருக்கு. தொழிலாளி வாடினால் வாசலில் இன்னொருவன் காத்திருக்கிறான். விந்தையின் ரகசியம் இவ்வளவுதான்.

வாடுவது கற்பனையல்ல. நீண்ட காலம் இரவு ஷிப்டில் இருப்பவர்களிடையே நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்லுகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறுவதும் அப்படியே. அந்த ஒழுங்கும் மூளைக்கும் சுரப்பிகளுக்கும் நடுவே நடக்கிற தபால் போக்குவரத்துத்தானே? உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கிற ஷிப்டு வேலையைப் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்ற பட்டியலில் 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து, இரவு வேலை அந்தப் பட்டியலிலேயே இருக்கட்டும் என்றது. இரவு வேலை பார்க்கிற எல்லாருக்கும் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ‘பழகிவிடும்’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்று அர்த்தம்.

சட்டம் என்ன செய்கிறது? நம் சட்டத்துக்கு எண்ணத் தெரியும். மணி பார்க்கத் தெரியாது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வாரத்துக்கு 48 மணி, நாளைக்கு ஒன்பது மணி என்று எண்ணிக்கை விதித்தது. 2023 பிப்ரவரியில், மூக்கண்டப்பள்ளிக்கு அடுத்த வீடான கர்நாடகத்தின் சட்டசபை, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்க இடங்கொடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 21 அன்று, நம் சட்டசபையிலும் அதே போக்கில் ஒரு மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியது. மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் அந்த அமளியில் ஓங்கி ஒலித்த கேள்வி, ‘எத்தனை மணி?’ என்பதுதான். ‘எந்த மணி?’ என்ற கேள்வி எடுபடவேயில்லை.

‘எந்த மணி?’ என்று பழைய சட்டம் கேட்டது, பெண்களையும் சிறுவர்களையும் பற்றி மட்டுந்தான். மாலை ஏழுக்கும் காலை ஆறுக்கும் நடுவே பெண்கள் ஆலையில் வேலை செய்யலாகாது என்றது. அந்தத் தடை சமத்துவத்துக்கு விரோதம் என்று 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், பெண்களின் சம்மதத்தோடும் பாதுகாப்போடும் இரவு வேலைக்கு இடங்கொடுக்கிறது. ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் சமத்துவம் என்பது, ஆணுக்கு இழைத்து வந்த தீங்கைப் பெண்ணுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதுதானா? பெண்ணுக்கு வாசலில் வேனும் காவலும் வேண்டும் என்றார்கள், சரி. இரத்தத்துக்குள் நடக்கிற கொள்ளைக்கு எந்தக் காவலைப் போடப் போகிறார்கள்? சம்மதக் காகிதத்தில் கை கையெழுத்துப் போடலாம். பீனியல் சுரப்பி போடாது.

இரவு வேலையே கூடாது என்று சொல்லுகிற அளவுக்கு நான் உலகம் தெரியாதவன் அல்ல. பிரசவ வலி பகலைப் பார்த்து வருவதில்லை. ரயில் நடுவழியில் நின்று தூங்க முடியாது. சில உலைகளை அணைத்தால் மறுபடி மூட்டப் பல நாள் ஆகும். அவையெல்லாம் தேவை. ஆனால் மிஷின் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறதே என்பதற்காக, ஒரு திருகாணியை நள்ளிரவில் திருகுவது தேவையல்ல, சௌகரியம். தேவைக்காகக் கண் விழிக்கிறவனை உலகம் வணங்க வேண்டும். சௌகரியத்துக்காகக் கண் விழிக்க வைக்கிறவனைக் கணக்குக் கேட்க வேண்டும்.

நான் கேட்பவை அசாத்தியமானவை அல்ல. ஷிப்டு மாறித்தான் தீர வேண்டுமென்றால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாறட்டும். பின்னோக்கி மாறுவதை உடம்பு இன்னும் சிரமப்பட்டே ஏற்கிறது. தொடர்ந்தாற்போல் வரும் இரவுகளைக் குறையுங்கள். இரவு முறை முடிந்தவனுக்கு இரண்டு முழு நாள் ஓய்வு கொடுங்கள். வருஷந்தோறும் அவனுடைய சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கம்பெனிச் செலவில் பாருங்கள்; கெடுதி தெரிந்தால் சம்பளம் குறையாமல் பகலுக்கு மாற்றுங்கள். விரல் போன வழக்குகளில், எந்த மணிக்குப் போயிற்று, அதற்கு முன் எத்தனை இரவு அவன் தூங்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூச்செடிக்குக் காட்டுகிற புத்திசாலித்தனத்தை மனிதனுக்கும் காட்டுங்கள் என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

கடைசியாக, சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில் இதைப் படிக்கிற உங்களிடமும் ஒரு வார்த்தை. இன்று இரவு பத்து மணிக்குக் கைபேசியைத் தட்டி, நாளைக் காலை காப்பிக்கு முன் சாமான் வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்கிறோமே, அந்த இரண்டு பொழுதுக்கும் நடுவே இருப்பது வெற்றிடம் அல்ல. யாரோ ஒருவனுடைய தூக்கம். நாம் வாங்குகிற ஒவ்வொரு பண்டத்தின் விலைச்சீட்டிலும் அந்தத் தூக்கத்தின் விலை அச்சாகவில்லை என்பதால், அதை யாரும் கொடுக்கவில்லை என்று ஆகிவிடாது. மூக்கண்டப்பள்ளியில் கதவைச் சாத்தி, ஜன்னலில் பழைய புடவையைத் தொங்கவிட்டு, வராத தூக்கத்தை வா வா என்று அழைத்துக்கொண்டு படுத்திருக்கிறவன் கொடுக்கிறான். நாற்பது வயதுக்கு மேல் மருந்துக் கடையில் மறுபடியும் கொடுக்கிறான்.

ஆகையால், இனிமேல் யாராவது உங்கள் காது கேட்க, "பழகிவிடும்" என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "யாருக்கு?" என்று கேளுங்கள்.